முதல் சுரம் விழும் வரை

அந்தச் சபையில் எதற்கும் கை தூக்கும் வழக்கமில்லை. போதகர் தீர்மானத்தை வாசித்து, "யாருக்காவது எதிர்ப்பு உண்டா?" என்று கேட்பார். பிறகு மௌனம். மாடத்தில் ஆர்கன் முன்னால் இருப்பவர், இந்த மௌனம் போதும் என்று நினைக்கும்போது பாட்டைத் தொடங்குவார். முதல் சுரம் விழுந்தால் தீர்மானம் நிறைவேறியது என்று பொருள். அதற்கப்புறம் வாய் திறப்பது தாலி கட்டியபின் பொருத்தம் பார்ப்பது போல.

ஆர்கன்காரனைச் சுருதி என்பார்கள். யாராவது இம்மி இறங்கிப் பாடினாலும் முகம் சுளிப்பான் என்பதால் பாடகர் குழு வைத்த பெயர். இத்தனை வருடத்தில் அவன் அந்த மௌனத்தை நீளவிட்டதில்லை. கூரைப் பழுது, புது விளக்கு, இதற்கெல்லாம் யார் எதிர்ப்புச் சொல்லப்போகிறார்கள்?

இன்றைய தீர்மானம் வேறு. ஓர் ஆணோடு வாழ்வதாகத் தன் வாயால் சொன்ன ரொட்டிக்கடைக்காரனை, மனந்திரும்பும் வரை, சபையார் பந்தியில் அப்பம் பிட்டு உண்ணும் திருவிருந்திலிருந்து விலக்கி வைப்பது.

ஞாயிறு வகுப்பெடுக்கப் போதகர் கூப்பிட்டபோதுதான் அவன் சொன்னான். "பிள்ளைங்களுக்கு உண்மை பேசச் சொல்லித் தரணும்னா, முதல்ல நான் பேசணும் ஐயா." கூட இருப்பது யார் என்று போதகர் கேட்டதற்கு, "அதை அவருதான் சொல்லணும்" என்று முடித்துக்கொண்டான்.

அந்த 'அவர்' சுருதிதான். ஊர் கண்ணுக்கு ரொட்டிக்கடைக்காரன் சுருதி வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவன்.

"பேசாம வாசிச்சிடு," என்றான் ரொட்டிக்கடைக்காரன், காலையில் கை கழுவிக்கொண்டே. "ஒருத்தன் வெளிய நின்னா போதும்."

"போதுமா?"

கையிலிருந்த மாவு போனபிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆராதனைக்கு முன் சபைச் செயலர் மாடப்படி ஏறி வந்தார். அவர் இதுவரை அங்கே வந்ததே இல்லை.

"என்ன தம்பி, மாடி வீட்டுக்காரர் சௌக்கியமா?"

"இருக்கார் அண்ணே."

"நல்ல மனுஷன். போன மாசம் வரைக்கும் அவர் சுட்ட அப்பத்தைத்தானே பந்தியில பிட்டோம்."

"அது யாருக்கும் தொண்டையில சிக்கலையே."

செயலர் சிரித்தார். ஆர்கன் மூடியைக் குழந்தையின் தலைபோலத் தடவினார். "தீர்மானத்துல ஒரு பேருதான் இருக்கு. ஒண்ணோட நிக்கட்டும்னு நான்தான் சொன்னேன், உங்க அக்கா முகத்துக்காக. ஐயா கேட்டதும் சட்டுனு ஆரம்பிச்சிடுங்க, என்ன?"

அவர் இறங்கிப்போன பிறகும் படிகள் முனகிக்கொண்டிருப்பது போலிருந்தது.

பீடத்தைப் பார்ப்பதற்காக ஆர்கனுக்கு மேலே ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. அதில் முழுச் சபையும் தெரிந்தது. இரண்டாம் வரிசையில் அக்கா, முதுகு வளையாமல். கடைசி பெஞ்சில் ரொட்டிக்கடைக்காரன் தனியாக. அந்த பெஞ்சில் வழக்கமாக உட்காரும் குடும்பம் இன்று முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது.

போதகர் வாசித்து முடித்தார். "யாருக்காவது எதிர்ப்பு உண்டா?"

சுருதியின் விரல்கள் கட்டைகளின் மேல் இருந்தன. ஆர்கன் காற்றுப்பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். இவ்வளவு காலம் இந்த மௌனம் சபையுடையது என்று நினைத்திருந்தான். எத்தனை பேர் வாயெடுக்குமுன் தன் விரல் முந்திக்கொண்டதோ என்று இப்போதுதான் தோன்றியது. கண்ணாடியில் ஒரு முகம் திரும்பி மேலே பார்த்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக.

அவன் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஆரம்பிங்க தம்பி!" செயலரின் குரல்.

சுருதி எழுந்தான். முழங்கால் பெஞ்சில் இடித்தது.

"எதிர்ப்பு உண்டு. அவர் கூட இருக்கிறவன் நான்தான். பந்தியில இடம்னா ரெண்டு பேருக்கும் இடம். விலக்குறதுன்னா ரெண்டு பேரையும் விலக்குங்க."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

போதகர் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தார். "எதிர்ப்பு நிக்கணும்னா... ஆதரிக்க இன்னொருத்தர் வேணும். யாராவது?"

சுருதி அக்காவைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. பின்கழுத்து மட்டும் தெரிந்தது. சின்ன வயதில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு இதே வாசலில் நுழைந்தவள்.

ஆர்கனை நிறுத்தினான். அது பெருமூச்சு விட்டு அடங்கியது. படியிறங்கி பெஞ்சுகளுக்கு நடுவே வந்தபோது, இருபுறமும் கால்களை உள்ளிழுத்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சை அடைந்தான்.

"பைத்தியமாடா உனக்கு?" என்றான் ரொட்டிக்கடைக்காரன் உதடசையாமல்.

"தள்ளி உக்காரு. கூட்டம் ஜாஸ்தியா இருக்கு."

காலி பெஞ்சைப் பார்த்து ரொட்டிக்கடைக்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியில் நின்றது.

முன்னால் செயலர் எழுந்திருந்தார். "கதவைச் சாத்துங்க. இதைப் பேசி முடிக்காம இன்னைக்கு யாரும் வெளிய போகக்கூடாது."

பக்கக் கதவுகளின் தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியாக அவர்கள் முதுகுக்குப் பின்னால் பெரிய கதவு. ரொட்டிக்கடைக்காரன் சுருதியின் கையைப் பிடித்தான், எல்லோரும் பார்க்கும்படி பெஞ்சின் மேலேயே. அக்கா இன்னும் திரும்பவில்லை. மற்ற எல்லோரும் திரும்பியிருந்தார்கள்.