பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு கால்

குளத்தூர் லைன் பஸ் கண்டக்டர் அய்யாக்கண்ணு தன் சர்வீஸில் ஒருவரைக்கூட "இடமில்லை" என்று இறக்கிவிட்டதில்லை. நின்றே பிழைத்ததில் வலது கால் நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டது. புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை ஐந்து இடத்தில் தையல். இனி புண் சீழ் பிடிக்காமல் ஆறவேண்டும். சீழ் பிடித்தால் கால் போகும், கூடவே கண்டக்டர் வேலையும் போகும்.

நர்ஸ் ஆரோக்கியம்மாள் அந்தப் பயத்தோடேதான் கட்டு மாற்றினாள். போன மாசம் இதே கட்டிலில், இதே ஆபரேஷன் ஆன மலையாண்டி புண் புரையோடி ஒன்பதாம் நாள் செத்துப்போனான். "சொந்தக்காரங்க தொட்டுத் தொட்டே கெடுத்துட்டாங்க" என்று பெரிய டாக்டர் சொன்னார். அவளும் அப்படியே நம்பினாள்.

அய்யாக்கண்ணுவைப் பார்க்கத் தனியாக யார் வந்தார்கள்? பஸ்ஸே வந்தது. டிரைவர் வெள்ளைச்சாமி வாசலில் வண்டியை நிறுத்த, நார்த்தாமலைச் சந்தைக்குப் போகிற கூட்டம் மொத்தமும் கோழி, கூடையோடு வார்டுக்குள் இறங்கியது. பார்க்க வந்தால் புண்ணைப் பார்க்கவேண்டும். பார்க்காமல் போனால் அது விசாரித்த கணக்கில் வராது.

"கட்டக் கொஞ்சம் தூக்குங்க தம்பி. கண்ணால பாக்காமப் போனா ஊருல என்னத்தச் சொல்றது?" என்றாள் உண்ணாமலைக் கிழவி, வாய் நிறைய வெற்றிலையோடு.

"பாருங்கத்தா, அதுக்கென்ன" என்று அய்யாக்கண்ணு காலை நீட்டினார். பஸ்ஸிலேயே மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுஷன் படுக்கையிலா சொல்லப்போகிறார்? ஆரோக்கியம்மாள் ஓடிவந்து தடுப்பதற்குள் சுண்ணாம்பு விரல் கட்டின் நுனியைப் பிடித்துவிட்டது.

எல்லோரையும் விரட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிப் புதுக்கட்டுப் போட்டாள். ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. "யாரும் உள்ளே வரக்கூடாது" என்று கதவில் எழுதி ஒட்டினாள். படித்தவர்கள் முதல் ஆளாக உள்ளே வந்தார்கள். மறுநாள் காலை ஒரு காரியம் செய்தாள். நல்லாயிருந்த இடது காலில் டிங்சரைத் தாராளமாகப் பூசி, தொடையிலிருந்து பெரிய கட்டாகப் போட்டாள். வலது காலைப் போர்வைக்குள் தள்ளினாள்.

"யாரு கேட்டாலும் இதக் காட்டுங்க. அங்கிட்டுக் கைய வைக்க விட்டீங்க, நான் வேலைய விட்டுட்டுப் போயிருவேன்."

"பொய்யில்லீங்களா சிஸ்டர்?"

"இதுவும் ஒங்க காலுதானே?"

அன்றிலிருந்து இடது கால் ஊருக்கே பொதுவானது. அவிழ்த்தார்கள், அமுக்கினார்கள், "அய்யோ, என்னமாக் கறுத்துப்போச்சு!" என்று உச்சுக்கொட்டினார்கள். குடுமியான்மலை விபூதியும் மஞ்சளும் அதன்மேல் ஏறின. வந்தவர்கள் மனநிறைவோடு பஸ் ஏறினார்கள். போர்வைக்குள் வலது கால் நிம்மதியாக ஆறிக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் முடிந்ததும் லீவில் போயிருந்த பெரிய டாக்டர் ஒன்பதாம் நாள் வந்தார். வாசலில் நின்று ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு, அதே விரலோடு கட்டிலுக்கு வந்தார். ஆரோக்கியம்மாள் சோப்பும் தண்ணீரும் நீட்டினாள். "நேத்துத்தானேம்மா கழுவினேன்" என்று ஒதுக்கிவிட்டார்.

போர்வையை எந்தப் பக்கம் விலக்குவது என்று அவள் கை ஒரு கணம் தயங்கியது. இடது பக்கத்தை விலக்கினாள்.

டாக்டர் கட்டை அவிழ்த்து, பொடி விரலால் மேலும் கீழும் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா? தையல் போட்ட எடமே தெரியல! எல்லாம் கைராசி. சொந்தக்காரங்க தொடாம இருந்தா இப்புடித்தான் ஆறும்."

அய்யாக்கண்ணு நர்ஸின் முகத்தைப் பார்த்தார். வலது காலைப் போர்வைக்குள் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். அவள் டாக்டரின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன மாசம் இதே கட்டிலுக்குத் தினம் அந்த விரல் வந்தது. பாவம் மலையாண்டி, அவனுக்கு அவள் ஒரே ஒரு கட்டுத்தான், அதுவும் புண்ணிருந்த காலில்தான், போட்டிருந்தாள்.