வெட்டிய இடம்

...எவ்வளவு திமிர் இருந்தால் அந்த ஆள் நோயாளிகளைப் பார்த்து எல்லாவற்றையும் விட்டுவிடு என்று சொல்லியிருப்பார், சொல்லிவிட்டு ஜம்மென்று செத்தும் போய்விட்டார், இங்கே தங்கச்சி வலிப்பு மாத்திரையை விட்டு நாற்பது நாளாகிறது, நேற்று குளியலறையில் விழுந்து நெற்றியில் மூன்று தையல்... ஹெட்போனை மாட்டும்போதே அக்காவுக்குப் பல் நறநறத்தது. குருவாம் குரு! ஒன்பது வருஷமாக ஆசிரமத்தில் அவர் பேச்சுப் பதிவுகளை வெட்டி ஒட்டி வெளியிடுவதுதான் இவள் பிழைப்பு, பக்தியும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது, மனசு சரியில்லை என்றாளே, கேட்டுப் பாரேன் என்று தங்கச்சிக்கு அனுப்பி வைத்தவளும் இவள்தான், யார் அனுப்பச் சொன்னது? டாக்டர் கத்திப் பார்த்தார், புருஷன் கெஞ்சிப் பார்த்தார், இவள் காலில் விழாத குறை. "அவர் வாயால சொல்லட்டும்க்கா, போட்டுக்கறேன்" என்கிறாள், கூடப் பிறந்தவளெல்லாம் கிள்ளுக்கீரை, மேடையில் உட்கார்ந்திருந்த தாடிதான் தெய்வம்.

இன்றைக்கு விடுவதாயில்லை, வெட்டாத பதிவை நிர்வாகியின் மேஜையில் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். ஓடவிட்டாள். நோயை நினைத்தாலே பயமாக இருக்கிறது என்று ஒரு பெண் அழுகிறாள், அவர் எல்லாத்தையும் விட்டுடும்மா என்கிறார், பிறகு இருமல், நெஞ்சைப் பிளக்கிற இருமல், தண்ணீர் கேட்கிறார், கமறலுக்கு நடுவே, "பயத்தைச் சொன்னேம்மா. மருந்தை விட்டுடாதே." அடிப்பாவி... குரு இருமக் கூடாது என்பது நிர்வாகத்தின் உத்தரவு, இருமல் வந்த இடத்தை மொத்தமாக வெட்டி நாலு விநாடி மௌனத்தை ஒட்டியது யார்? அந்த மௌனத்தில் அழுதுவிட்டோம் என்று எத்தனை பேர் எழுதினார்கள், பெருமையாக இருந்ததே அப்போது. ஏன், அந்த மனுஷன் இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இப்போதுகூட அவர்மேல்தானே கோபம் வருகிறது.

அப்படியே, இருமலோடு, தங்கச்சிக்கு அனுப்பினாள். யார் வெட்டியது என்று கேட்பாள், கேட்கட்டும், காறித் துப்பட்டும், மாத்திரையைப் போட்டால் போதும். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. நான்தான்டி வெட்டினேன் என்று ஆரம்பித்தவளைத் தங்கச்சி முடிக்கவே விடவில்லை, குரலில் கோபம்கூட இல்லை.

"எனக்காகப் பொய்யா ஒண்ணு செஞ்சு அனுப்பறியேக்கா. அவர் இருமவே மாட்டார்."

 ஒன்பது வருஷம், ஒரு செருமல்கூட விடாமல் வழித்தெடுத்திருக்கிறாள்... தங்கச்சியிடம் போய் இனி எந்தக் குரலில் பேசுவது?