பன்னிரண்டு கிண்ணங்கள்

ஜெப ஷீலா அந்தச் சான்றிதழுக்கு ஆசைப்பட்டது சுவரில் மாட்டி அழகு பார்க்க அல்ல. புருஷன் தாவீதுராஜின் முதுகிலிருந்து மருந்து டேங்கை இறக்க வேண்டும், அவ்வளவுதான். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பருத்திக்கு மருந்து அடிக்க அவனை விட்டால் ஆள் கிடையாது. பதினோரு வருஷம் அடித்துவிட்டான். சாப்பிட உட்கார்ந்தால் கை நடுங்கிக் குழம்பு சிந்தும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருமத் தொடங்கினால் பாதிரி ஐயரே பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

தேனீ வளர்ப்பு மேல்நிலைப் பயிற்சியில் தேறினால் மதுரைப் பயிற்சி நிலையத்தில் மாதச் சம்பள வேலை என்றார்கள். முப்பத்தைந்து வயதுக்குள் சேர வேண்டும். வருகிற வைகாசியோடு, அதாவது 1989 வைகாசியோடு, அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. இந்தத் தடவை விட்டால் விட்டதுதான்.

எழுத்துப் பரீட்சை மதுரையில். பிறகு பரிசோதகர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். மூன்று பெட்டியிலும் உயிரோடு தேனீக் குடும்பம் இருக்க வேண்டும். கரிசல்காட்டில் தேனீ வளர்ப்பதென்றால் சும்மாவா? வேம்பு பூத்தால் உண்டு, முருங்கை பூத்தால் உண்டு, இல்லாத மாதத்தில் சீனிப்பாகுதான். ரேஷன் சீனியை அதுகளுக்குக் காய்ச்சி ஊற்றிவிட்டு, இவள் கசப்புக் காப்பி குடித்தாள். பக்கத்துப் பருத்திக்காட்டுச் சண்முகவேலிடம் போய், "அண்ணாச்சி, பரிசோதகர் வந்து போற வரைக்கும் மருந்து அடிக்காதீங்க" என்று கெஞ்சினாள். புழு விழுந்தும் அந்த மனுஷன் பொறுத்துக்கொண்டார்.

மிச்சமிருந்த சத்துரு எறும்பு. பெட்டி நிற்கும் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு மண்கிண்ணம், அதில் தண்ணீர். மூன்று பெட்டிக்குப் பன்னிரண்டு கிண்ணம். தண்ணீர் இருக்கும்வரை எறும்பு ஏறாது. மாசியிலேயே ஊருணி வற்றிவிட்டதால் தேனீக்கள் குடித்ததும் அந்தத் தண்ணீரைத்தான். இதைத் தாவீதுராஜிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒருமுறை கொட்டு வாங்கி மூஞ்சி பூசணிக்காயாய் வீங்கியதிலிருந்து அவன் பெட்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன்.

மதுரைக்குப் புறப்படும்போது இவ்வளவுதான் சொன்னாள்: "ஏங்க, கிண்ணம் வத்தாமப் பாத்துக்கோங்க. எறும்பு ஏறுச்சுன்னா எல்லாம் போச்சு."

"நான் பாத்துக்கிறேன் புள்ள. நீ நல்லா எழுதிட்டு வா."

மூன்றாம் நாள் பரிசோதகரும் அவளும் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தன்மையான மனிதர். "எழுத்துல நீங்கதாம்மா முதல்" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாவீதுராஜ் சலவை வேட்டி கட்டி, குடிக்கக் கலர் வாங்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். "பூச்சியெல்லாம் சத்தமே இல்லாம அடக்கமா இருக்கு சார்" என்றான்.

சத்தமே இல்லையென்றதும் அவள் பையைக் கீழே போட்டாள். ஓடிப்போய் முதல் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். அடித்தட்டில் குவியலாய்ச் செத்துக் கிடந்தன. இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி, எல்லாம் அதே கதி.

"ஏசப்பா!" என்று தரையில் உட்கார்ந்தவளின் கண்ணுக்கு நேரே கிண்ணம் இருந்தது. தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. முகர்ந்தாள். புருஷன் சட்டையில் பதினோரு வருஷமாய் அவள் துவைத்துத் துவைத்துப் போகாத அதே வாடை.

பரிசோதகர் குனிந்து ஒரு தேனீயை எடுத்துப் பார்த்தார். "விஷந்தான். பக்கத்துக் காட்டுல மருந்து அடிச்சாங்களாம்மா? அப்படின்னா உங்க மேல தப்பில்ல. அடுத்த மாசமே மறுதேர்வு வைக்கலாம். வளக்கிறவங்க கவனக்குறைவுன்னா மட்டும் சட்டம் இடம் கொடுக்காது."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். சண்முகவேல் முகம் கண்முன் வந்தது. "ஆமா சார், அடிச்சாக" என்றாள்.

"ஏ, யாரு சொன்னா?" பின்னால் நின்ற தாவீதுராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அடிக்கிற ஆளே நாந்தானே சார்! அண்ணாச்சி சொன்ன சொல்லு மாறாதவுக. பூச்சிக்கு வேற என்னமும் சீக்கா இருக்கும். நான் ஒரு குறை வைக்கல. எறும்பு அண்டக்கூடாதுன்னு பன்னெண்டு கிண்ணத்துலயும் நானே மருந்து ஊத்துனேன். பாருங்க, ஒரு எறும்பு இருக்கா?"

பாவி மனுஷன், அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

பரிசோதகர் ஜெப ஷீலாவைப் பார்த்தார். அவர் நோட்டைத் திறந்து இரண்டு வரி எழுதி மூடினார். "நல்லா எழுதியிருந்தீங்களேம்மா. கிண்ணத்துல ஏன் மருந்து கலக்கக் கூடாதுங்கிற கேள்விக்கு முழு மார்க்கு போட்டேனே" என்றார் வருத்தத்தோடு.

தாவீதுராஜின் சிரிப்பு அப்படியே நின்றது. கலர் பாட்டில் திறக்காமலே இருக்க, அவர் மதியப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவன் குடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். பன்னிரண்டு கிண்ணத்தையும் கழுவி, ஒவ்வொன்றாய் நிரப்பினான். யாருக்காக என்று அவள் கேட்கவில்லை. அவனை அறையவும் கை வந்தது, கட்டிக்கொண்டு அழவும் வந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"அது குடிக்கும்னு நீ சொல்லலையே புள்ள."

"சொல்லலதான்" என்றாள்.

மறுநாள் காலையில் சண்முகவேல் வந்து வாசலில் தயங்கி நின்றார். "புழு ரொம்ப ஆயிப்போச்சு, தாவீது. இனிமே அடிக்கலாம்ல?"

தாவீதுராஜ் மனைவியைப் பார்த்தான். அவள் எழுந்துபோய், மூலையில் கிடந்த டேங்கைத் தூக்கிவந்து அவன் முதுகில் மாட்டிவிட்டாள்.