ஜன்னல் பாறை, ஐந்து முப்பத்திரண்டு

ஐந்து முப்பத்திரண்டு என்று எழுதிக் கொடுத்தது நான்தான். கோடு போட்ட தாளில், நீல மையில், கீழே இரண்டு முறை அடிக்கோடிட்டு. வெல்டர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

எங்கள் மாலை வகுப்பில் நில அளவை படிக்க வருகிற எல்லோருக்கும் பகலில் ஒரு வேலை உண்டு. அந்த வேலையும் கூடவே வந்து பெஞ்சில் உட்காரும். வெல்டரின் சட்டைக் கையெல்லாம் தீப்பொறி பட்ட ஓட்டைகள். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவளுக்கு முழங்கையில் ஓரிடம் எப்போதும் வெள்ளையாக இருக்கும்; அவள் பேக்கரி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் எல்லோருக்கும் அக்கா. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவன், அதனால் கண்ணாடி.

பேக்கரிக்கு எனக்கு முன் பெஞ்சு. பதினான்கு மாதங்களாக அவள் திரும்பி அழிப்பான் கேட்பாள். நான் எப்போதும் இரண்டு வைத்திருப்பேன். அதற்கு மேல் அவளிடம் எதுவும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன், நான்குமே விண்ணப்பம் மாதிரி இருந்தன.

மூன்று வாரத்துக்கு முன்பு பயிற்சிக்காக எங்களைப் பாலைவனத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஜன்னல் பாறை என்று ஒரு பாறைச் சுவர். நடுவில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. மாலையில் சூரியன் அதற்குள் புகுந்து, எதிரே இருக்கிற தட்டைப் பாறையில் நான்கு நிமிடம் வெளிச்சம் விழும் என்றார்கள். அன்று வானம் முழுக்கத் தூசி. எதுவும் விழவில்லை.

மறுநாள் வகுப்பு முடிந்து படியிறங்கும்போது வெல்டர் என் தோளில் கை போட்டான்.

"மச்சி, ஒரு உதவி. இதுல இருந்து மூணாவது ஞாயித்துக்கிழமை. அந்த வெளிச்சம் எத்தனை மணிக்கு விழும்னு உன்னால கணக்குப் போட முடியுமா?"

"முடியும். எதுக்கு?"

"பேக்கரிகிட்ட கேக்கப் போறேன். கல்யாணத்துக்கு. வெளிச்சம் விழும்போது கேக்கணும். நமக்குப் பேச வராது, சூரியனாவது ஒத்தாசை பண்ணட்டும்."

நான் இன்னும் இரண்டு படி இறங்கினேன். "போட்டுத் தரேன்" என்றேன்.

அன்றிரவே குறிப்பேட்டை எடுத்தேன். தட்டைப் பாறையிலிருந்து ஓட்டையின் திசை: இருநூற்று நாற்பத்து நான்கு டிகிரி. சூரியன் அந்தத் திசைக்கு வரும் நேரம்தான் வெளிச்சம் விழும் நேரம். பக்கத்துக் கட்டம் காலி. எந்தத் திசையையும் இரண்டு முறை எடுக்க வேண்டும் என்பது முதல் வாரப் பாடம். இங்கிருந்து அங்கே, பிறகு அங்கே போய் அங்கிருந்து இங்கே. இரண்டுக்கும் சரியாக நூற்று எண்பது வித்தியாசம் வர வேண்டும். வராவிட்டால் திசைகாட்டியின் முள்ளைப் பக்கத்தில் ஏதோ இழுத்திருக்கிறது என்று அர்த்தம். நான் ஒருநாளும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டதில்லை. பயிற்சியன்று விட்டேன். ஓட்டைக்கு ஏறப் பத்து நிமிடம் ஆகும். தட்டைப் பாறையில் பேக்கரி உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

காலிக் கட்டத்தை வெல்டரிடம் சொல்லியிருக்கலாம். "பத்துப் பதினைந்து நிமிஷம் முன்னே பின்னே ஆகலாம்டா" என்று ஒரே வாக்கியம். சொல்லவில்லை. மறந்து போனேனா, வேண்டுமென்றே விட்டேனா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. ஐந்து முப்பத்திரண்டு என்று எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் பழைய வேனில் போனோம். ரோடு முடிந்த இடத்திலிருந்து ஒன்றரை மணி நேர நடை. காளான் மாதிரி ஒரு பாறை, முதுகு காட்டி நிற்கிற ஆள் மாதிரி ஒன்று.

"நம்ம வாத்தியாரேதான்" என்றாள் பேக்கரி. "போர்டுல எழுதிட்டே பேசறாரு, ஒண்ணும் காதுல விழல."

அக்காவுக்குச் சிரித்ததில் புரையேறியது. வெல்டர் சிரிக்கவில்லை. சட்டைப் பையை நாலு தடவை தொட்டுப் பார்த்தான்.

ஜன்னல் பாறைக்கு அடியில் நிழலில் உட்கார்ந்தோம். திட்டம் இது: நான் முன்னால் தட்டைப் பாறைக்கு ஏறி, எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்து, ஃபோட்டோ எடுக்கத் தயாராக இருக்க வேண்டும். ஐந்து இருபத்தைந்துக்கு அவன் அவளைக் கூட்டி வருவான். நான் கிளம்பும்போது அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"அவகிட்ட நீ சொன்னியாடா?"

"என்னத்த?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. நாப்பது பிள்ளைங்கள தினம் கண்ணாடியில பாத்துக்கிட்டே வண்டி ஓட்டறவ நான்."

"இப்ப சொல்லி என்னக்கா ஆகப் போகுது?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா சொன்ன மாதிரி இருக்கும்ல."

நான் ஏறினேன். ஐந்து பன்னிரண்டுக்குப் பாறை மேல் இருந்தேன். நடுவில் நின்று செருப்பு நுனியால் தூசியில் ஒரு கோடு போட்டேன். ஐந்து பத்தொன்பதுக்கு என் சட்டை திடீரென்று மஞ்சளானது.

முதலில் எனக்குப் புரியவில்லை. நிமிர்ந்தேன். ஓட்டை முழுக்கச் சூரியன். சுற்றிலும் நிழல், நான் நின்ற இடம் மட்டும் பொன்னாக இருந்தது. கீழே அவர்கள் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சீக்கிரம் வாங்க!" என்று கத்தினேன். "வந்துடுச்சு!"

பேக்கரிதான் முதலில் எழுந்து ஓடி வந்தாள். பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"கண்ணாடி! நகராத! அப்படியே நில்லு! ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு!"

ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நகரச் சொல்லியிருந்தாலும் என்னால் முடிந்திருக்காது. அவள் மேலே வந்து சேர்ந்தபோது வெளிச்சம் என் செருப்பு வரை சுருங்கி, பாறையின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது.

பின்னால் மூச்சு வாங்க வந்த வெல்டர் காலி ஓட்டையைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பரவால்ல மச்சி" என்றான். "தாள்ல என்ன போட்டிருக்கோ அதுதான் நேரம்."

ஐந்து முப்பத்திரண்டு வரை காத்திருந்தான். நிழலில், சாம்பல் நிறப் பாறையில் நின்று, நான் கேட்டதிலேயே மிகவும் திக்கித் திணறிய ஒரு வாக்கியத்தைச் சொன்னான். பாதியிலேயே அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதக் கேக்க இவ்வளவு தூரம் நடக்க வெச்சியா? கடை வாசல்ல கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

நான் படம் எடுத்தேன். கீழேயிருந்து அக்கா, "என்னடி சொன்னே?" என்று கத்தினார். "சரின்னு!" என்று இவள் கத்த, பாறைகள் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லின.

வெல்டர் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று தட்டைப் பாறையிலேயே ஃபோனைத் தலைக்கு மேல் பிடித்து சிக்னல் தேடினான். நான் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தேன்.

"இப்ப என்ன அளக்கப் போற?" என்றாள் பேக்கரி.

"ஒரு கட்டம் பாக்கி இருக்கு."

"இரு, நானும் வரேன். ஓட்டைக்குள்ள நின்னு பாக்கணும்."

இருவரும் ஏறினோம். ஓட்டைக்குள் காற்று சில்லென்றிருந்தது. திசைகாட்டியை அவள் வாங்கிக்கொண்டாள். நான் பார்க்கக் குனிந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏய்! முள்ளு உன் மூஞ்சியத் திரும்பிப் பாக்குது!"

நான் விலகினேன், முள் திரும்பிப் போனது. குனிந்தேன், மறுபடி வந்தது. வெயிலுக்காக என் மூக்குக் கண்ணாடி மேல் ஒட்ட வைக்கிற கறுப்பு வில்லை. இரண்டு ஓரத்திலும் அரிசி அளவு காந்தம். எங்கள் கடைச் சரக்கு. மூன்று வாரத்துக்கு முன்பு அந்தப் பயிற்சிக்குத்தான் முதன்முதலில் அதைப் போட்டேன். "ஹீரோ மாதிரி இருக்கியே" என்று அவள் சொல்வதற்காக. சொல்லவும் செய்தாள்.

கண்ணாடியைக் கழற்றிப் பின்னால் தள்ளி வைத்தேன். அது இல்லாமல் எனக்கு எண் தெரியாது. கீழே வெல்டர் ஒரு மங்கலான கோடாகத் தெரிந்தான்.

"நீயே பாத்துச் சொல்லு" என்றேன்.

அவள் ஒரு கண்ணை மூடி, கீழே நிற்பவனைக் குறி பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள்.

"அறுபத்தொண்ணு."

நூற்று எண்பதைக் கூட்டினால் இருநூற்று நாற்பத்தொன்று; குறிப்பேட்டில் இருந்தது இருநூற்று நாற்பத்து நான்கு. அந்த வித்தியாசம்தான் பதின்மூன்று நிமிடம்.

"சரியா வருதா?"

"வரல. மூணு டிகிரி தப்பு."

"யார் தப்பு?"

"என்னுது" என்றேன். அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தேன். அவள் முகம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை, ஆனால் அது கீழே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"மூணு டிகிரிதானே, விடு" என்றாள். கீழே வெல்டருக்கு சிக்னல் கிடைத்துவிட்டது. கையை ஆட்டிக் கூப்பிட்டான். "அவங்கம்மா பேசணுமாம் போல. நான் போறேன், நீ பாத்து இறங்கு."

அவள் காலடிச் சத்தம் இறங்கிப் போனது. நான் குறிப்பேட்டை முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு, காலிக் கட்டத்தில் அவள் சொன்ன எண்ணை எழுதினேன்.