எஷ்டால் குடிலில் சுற்றி வந்த கிளாஸ்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஃபால்ஸ் காட்டில், எஷ்டால் குடிலின் சமையலறையில், ஈரல் உருண்டை பிடித்துக்கொண்டிருந்த ஹைட்ரூன் என்னை அதட்டியதில் பிறந்தது.

"ஊரே என் கதையைப் பேசுது. எழுதத் தெரிஞ்சவ நீ ஒருத்தி, நீ சும்மா உக்காந்திருக்கே. எழுதறதுன்னா ஒழுங்கா எழுதுடி. என்னைப் பாவம்னு மட்டும் எழுதினே, பாத்திரம் கழுவ வேற ஆளைப் பாத்துக்குவேன்."

குடிலில் பாத்திரம் கழுவுகிறவள் நான்தான். எங்கள் குழுவுக்கு முறை வரும் வார இறுதிகளில் அந்த வேலை, மற்ற நாட்களில் கதை. இரண்டுக்கும் சம்பளம் கிடையாது. எதில் கெட்டிக்காரி என்று கேட்டால் தட்டுகளைக் காட்டுவேன்.

ஆரம்பம் எழுதிப் பார்த்தேன்.

பீச் மரங்களுக்கிடையே மூடுபனி மெல்ல—

வேண்டாம். காட்டுக்கதை எழுதுகிற எல்லோரும் முதலில் மூடுபனியைத்தான் அவிழ்த்து விடுகிறார்கள்.

மனித உறவும் ஒரு குடில்தான். அதன் கூரை—

இதை ஹைட்ரூன் படித்தால் கரண்டி பறக்கும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஏப்ரல் மாதத்தில், குடிலுக்கு மேலே மலை முகட்டில் இருக்கும் மழைக் கொட்டகையில் ஒதுங்கி நின்றபோது, ஆர்மின் தன் மனைவி ஹைட்ரூனிடம் தான் பிரிந்து போவதாகச் சொன்னான். லாண்டா நகரத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்றும் சொன்னான். சொல்லி முடித்த பிறகும் மழை விடவில்லை. கொட்டகையில் ஒரே ஒரு பெஞ்சு. இருவரும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. ஆர்மின் தன் ரொட்டியில் பாதியை அவளுக்குக் கொடுத்தான்.

(இந்த இடத்தில் ஹைட்ரூன் குறுக்கிட்டாள்: "அவன் கொடுத்தான்னு எழுதாதே. அந்த ரொட்டியை வெட்டினது நான், வெண்ணெய் தடவினது நான். பசிச்சுது, தின்னேன்." திருத்திக்கொள்ளுங்கள். அவள் தன் ரொட்டியைத் தின்றாள்.)

2

கதை இப்போது அக்டோபருக்குப் போக வேண்டும். அதற்கு முன் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஊர்களிலும் காட்டில் குடில்கள் உண்டு. அங்கே முதலாளி இருப்பார், சாப்பாட்டு அட்டை தடிமனாக இருக்கும். எங்கள் குடில்களை, நடைப்பயணச் சங்கத்து உறுப்பினர்களான நாங்களே முறை வைத்து நடத்துகிறோம். தபால்காரர் அடுப்பு மூட்டுவார், பல் மருத்துவர் முட்டைக்கோஸ் கிளறுவார். நடந்து வருகிறவர்கள் சேற்றுக் காலோடு வரலாம், நாயோடு வரலாம். மேசையை முன்கூட்டிப் பிடித்து வைக்க மட்டும் முடியாது. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், "நகருங்க, இன்னும் ரெண்டு பேர் உக்காரலாம்" என்போம். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, மறைக்க மாட்டேன்.

அப்புறம் கிளாஸ். அரை லிட்டர் பிடிக்கும், எண்ணெய்க் கை வழுக்காமலிருக்க விரல் பதியும் குழிகள் வைத்தது. ஒயினும் சோடாவும் கலந்து ஊற்றி மேசைக்கு ஒன்று வைப்போம். ஒருவர் குடித்துவிட்டு இடப்பக்கம் தருவார். முன்பின் தெரியாதவராக இருந்தாலும் வாங்கிக் குடிக்க வேண்டும். காலி செய்கிறவர் எழுந்து போய் நிரப்பி வந்து, முதல் மிடறைத் தான் குடித்துவிட்டு, சுற்றைத் தொடர வேண்டும். வந்த கிளாஸை வேண்டாம் என்று தள்ளினால் அந்த மேசையையே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம்.*

* வயிறு சரியில்லாதவர்கள் உதட்டை நனைத்தால் போதும். நாங்கள் காட்டுமிராண்டிகள் இல்லை.

3

ஆர்மினும் ஹைட்ரூனும் ஒரே குழு. அவன் பீப்பாய்க் குழாயில் நின்று ஒயின் ஊற்றுவான், அவள் சமையல். இருவரில் ஒருவர் வேறு குழுவுக்கு மாறலாமே என்று கோடையில் சங்கக் கூட்டத்தில் தலைவர் இழுத்தார். பார்வை என்னவோ ஹைட்ரூன் பக்கம் போயிற்று.

அவள் எழுந்தாள். "நான் எதுக்குப் போகணும்? அந்தச் சமையலறைத் தரையில ஓடு பதிச்சது நானு. வேலை முடிஞ்சு குழு உக்காரும்போது, சுத்தி வர்ற கிளாஸை வாங்கிக் குடிக்க முடியாதவங்க எவரோ, அவங்ககிட்ட இருக்கிற குடில் சாவியை வச்சுட்டுப் போகட்டும். அதுதான் நியாயம்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆர்மினுக்கு அந்த மேசையில் வந்து உட்காரும் முகம் இருக்காது என்பது அவள் கணக்கு. எங்களுக்கும் அதே கணக்குத்தான்.

அக்டோபரில், புது ஒயின் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆர்மின் எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து விறகு பிளந்துகொண்டிருந்தான்.

4

அந்த ஆர்மினை எனக்கு எழுத வரவில்லை. முதல் வரைவில் அவனைப் பொல்லாதவனாக்கினேன், சிறிய கண்கள் கூடக் கொடுத்தேன். ஹைட்ரூன் படித்தாள்.

"இவ்வளவு கெட்டவனா? அப்ப இவன்கூட இத்தனை வருஷம் குப்பை கொட்டின நான் முட்டாளா? மாத்து."

மாற்றிவிட்டேன். ஆர்மின் அன்று நன்றாக வேலை செய்தான். வரிசை கதவைத் தாண்டி வாசல் கஷ்கொட்டை மரம் வரை நின்றது. பரிமாறும் ஜன்னல் வழியே அவன் கத்துவான்: "உருண்டை நாலு, முட்டைக்கோஸோட." அவள் பதில்: "நாலு." அன்று முழுக்க அவர்களுக்குள் வேறு பேச்சில்லை. சாசேஜ் சுடும் மார்லீஸ் என் காதில் சொன்னாள்: "கல்யாணம் ஆகியிருந்தப்பவே இதைவிட அதிகமா பேசிக்கிட்டாங்களா என்ன?"

நான் தட்டுக் கழுவும் இடத்திலிருந்து ஹைட்ரூனின் முதுகு தெரியும். நேராக இருந்தது. சாயங்காலத்துக்கு முன்பே உருண்டை தீர்ந்துவிட்டது, ஒரு தட்டில்கூட மிச்சம் திரும்பி வரவில்லை. அவளை நினைத்து எனக்கு அன்று இருந்த பெருமைக்கு அளவில்லை.

5

கடைசி ஆளும் மலையிறங்கிய பின் குழு உட்கார்ந்தது. என் வலப்பக்கம் ஆர்மின், இடப்பக்கம் ஹைட்ரூன். யாருமே அவர்களுக்கு நடுவில் உட்காரத் துணியாததால் அந்த இடம் எனக்கு விழுந்தது.

கிளாஸ் சுற்றி வந்தது. ஆர்மின் இரண்டு கையாலும் வாங்கினான். குடித்தான், என்னிடம் நீட்டினான். இரண்டு விரல் உயரத்துக்கு மிச்சம் இருந்தது. அவன் உதடு பட்ட தடம் விளிம்பில் தெரிந்தது. அவள் போட்ட நிபந்தனை, அவன் நிறைவேற்றிவிட்டான். இனி அவள் குடிக்க வேண்டும், இல்லையென்றால் தான் ஓடு பதித்த சமையலறையின் சாவியை வைத்துவிட்டுப் போக வேண்டும்.

"என்னடி, கிளாஸைப் பிடிச்சுக்கிட்டு ஜெபமா பண்றே?" என்றாள் மார்லீஸ். "ஒயின் சூடாகுது."

முடிவு மூன்று விதமாக எழுதினேன்.

(அ) ஹைட்ரூன் குடிக்கிறாள். கண்ணீரோடு அவனைப் பார்த்துப் புன்னகைக்கிறாள், பாரம் எல்லாம்—

(ஆ) நானே மடமடவென்று காலி செய்துவிட்டு எழுந்து போய், கிளாஸைக் கழுவி நிரப்பி, ஒரு மிடறு குடித்து அவளிடம் தருகிறேன். அவன் எச்சிலைக் குடிக்கும் அவஸ்தை அவளுக்கு இல்லை.

(இ) அவள் சாவியை மேசைமேல் எறிந்துவிட்டு இருட்டில் இறங்கிப் போகிறாள். கதவு—

6

இந்த வசந்தத்தில் மூன்றையும் அவளிடம் கொண்டுபோனேன். அதே சமையலறை. ஏப்ரன் நாடாவில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. கையைத் துடைக்காமலே படித்தாள், தாளெல்லாம் ஈரல் கறை.

"மன்னிச்சுட்டேனா? யார் சொன்னா? கிளாஸ்ல ஒயினும் சோடாவும்தான் இருந்துது, மன்னிப்பு இல்ல. ரெண்டாவது இன்னும் மோசம். என்னைக் காப்பாத்தச் சொல்லி உன்னை யாரு கேட்டா? மூணாவது..." சாவியை விரலால் சுண்டினாள். "இதை நான் எறிவேனாடி?"

"அப்ப நெஜமா நடந்ததையே எழுதிடட்டுமா? நான் பக்கத்துலதானே இருந்தேன்."

"வேண்டாம். அங்க உக்காந்தவங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியணும்னா வந்து உக்காரட்டும்."

சொல்லிவிட்டு உருண்டை பிடிக்கப் போய்விட்டாள்.

அதனால் நகர்ந்துகொள்கிறேன். என் இடத்தில் உட்காருங்கள், சேற்றுக் கால் பரவாயில்லை. வலப்பக்கம் ஆர்மின், தரையைப் பார்க்கிறான். இடப்பக்கம் ஹைட்ரூன், முதுகு நேராக இருக்கிறது. கிளாஸ் இப்போது உங்கள் கையில். குழியில் விரல் பதித்துப் பிடியுங்கள், கனமாகத்தான் இருக்கும். எடுத்த எடுப்பில் காலி செய்துவிடலாம் என்று உங்களுக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் தன்னைக் காப்பாற்றும்படி அவள் உங்களைக் கேட்கவில்லை.

அவள் கையை நீட்டிவிட்டாள்.