உங்கள் குப்பை உங்களோடு

மாப்பிள்ளை வீட்டார் கிளம்பும்போது குப்பைப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று செந்தாமரை மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த நேரத்திலிருந்து அவளுக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. கூட்டின வாசலைத் திரும்பக் கூட்டினாள். விருந்தாளிகளுக்கான மூன்று அறைகளிலும் விரித்திருந்த போர்வையை உதறி மறுபடி விரித்தாள். பாயசத்தைக் கிளறிக்கொண்டிருக்கும்போதே சாலையில் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று ஜன்னலுக்கு ஓடினாள்.

"இன்னாடி, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திக்கினு கீற?" என்றார் அவள் கணவர் சந்திரன். "ஒரு நாளைக்கி உன் சட்டத்த மூட்ட கட்டிப் பரண்மேல போடு. பொண்ணு வாழ்க்க இது."

"நான் இன்னா சொன்னேன் இப்ப?"

"நீ சொல்லல. உன் மூஞ்சி சொல்லுது."

சொன்னதோடு நிற்காமல், வாசல் தூணில் அவள் கையால் எழுதி மாட்டியிருந்த பலகையின் மேல் ஒரு ஈரத் துண்டைக் காயப்போடுவதுபோலப் போட்டு மூடினார். 'உங்கள் குப்பை உங்களோடு' என்ற எழுத்துகள் துண்டுக்குள் போய்விட்டன.

சந்தவாசலில் இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மலைமேல் ஜமுனாமரத்தூருக்கு வந்து, தங்க வருகிறவர்களுக்கு அறை விட ஆரம்பித்த புதிதில் அந்தப் பலகை இல்லை. சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்தவர்கள் தின்றதும் குடித்ததும் போக மிஞ்சியதை எல்லாம் அவள் கொல்லைப்புறக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளிவந்தாள். ஒரு மழையில் குழி நிரம்பி, அடுத்த கொல்லைக்காரர் கோபால்சாமியின் சாமை வயலில் போய் இறங்கிவிட்டது. மறுநாள் அவர் அத்தனையையும் வாரி வந்து இவள் வாசலில் குவித்தார். சண்டை போடவில்லை. "உங்க பொருளு எங்க கொல்லைக்கி வந்துடுச்சிம்மா," என்றார், வழி தவறி வந்த ஆட்டைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவர்போல.

அந்தக் குவியலில் அவள் கண் நின்றது டீக் கப்புகள் மேல்தான். காகிதம் மக்கிப் போயிருந்தது. உள்ளே பூசியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தோல் மட்டும் கப்பின் வடிவத்திலேயே நின்றது. பாம்பு உரித்த சட்டை மாதிரி. காற்றடித்தால் பறந்தது, தொட்டால் கையில் ஒட்டியது.

அதற்கப்புறம்தான் பலகை. யார் வந்தாலும், அவர்கள் கொண்டுவந்து மிச்சம் வைத்ததைச் சாக்கில் கட்டிக் கிளம்பும்போது வண்டியில் ஏற்றிவிடுவாள். விருந்தாளி கிளம்பினால் கையில் ஏதாவது கொடுத்து அனுப்புவது ஊர் வழக்கம். அவள் குப்பையைக் கொடுத்து அனுப்பினாள். சிலர் சிரித்தார்கள். சிலர் போட்டோ எடுத்தார்கள். ஒருவர் மட்டும், "காசும் குடுத்து குப்பையும் சொமக்கணுமா?" என்று கத்தினார்.

அவர்கள் முகம் மாறுகிற அந்த ஒரு கணம் தனக்குப் பிடித்திருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, சாக்கை எங்கே வைப்பது என்று பெரிய மனிதர்கள் தவிக்கிற தவிப்பைப் பார்ப்பதில் ஒரு ருசி இருந்தது. மலைக்காகச் செய்கிறோமா, அந்த ருசிக்காகச் செய்கிறோமா என்று பாத்திரம் துலக்கும்போது யோசிப்பாள். பதில் வருவதற்குள் பாத்திரம் முடிந்துவிடும்.

இன்று வருகிறவர் ராஜவேலு. திருவண்ணாமலையில் பேப்பர் கப், பிளேட் மொத்த வியாபாரம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுகிறவர்களில் பாதிப்பேர் அவர் கடையில்தான் பிளேட் வாங்குவார்கள் என்று மகள் ரம்யா சொல்லியிருந்தாள். அவர் மகன் இளவரசனும் ரம்யாவும் ஒரே ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒருவரை ஒருவர் பிடித்துப்போய், இரண்டு வருடமாகப் பேசிப் பேசி, இளவரசன் இப்போதுதான் தகப்பனை மலையேற்றுகிறான்.

"அம்மா, அவருக்குக் கோவம் வந்தா எறங்காது. எனக்காக," என்றாள் ரம்யா. கண்ணில் மை தீட்டியிருந்ததால் அழாமல் பார்த்துக்கொண்டாள்.

வேன் வந்தது. ராஜவேலு இறங்கும்போதே சத்தமும் இறங்கியது. "இன்னா காத்துங்க! பேன் கம்பெனியெல்லாம் மூடிட்டுப் போவலாம் போல!" அவர் மனைவி ரேணுகாதேவி, பின்னால் பழத்தட்டுகளோடு நாலைந்து உறவுக்காரர்கள். கடைசியாக இளவரசன் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"உங்களுக்கு வர்றவங்க போறவங்க இருக்காங்களேன்னு கப்பு கொண்ணாந்தேன்," என்றார் ராஜவேலு. "கழுவுற வேல மிச்சம். பிளாஸ்டிக் கெடையாது சம்பந்தி, அத்தினியும் பேப்பரு."

இன்னும் தட்டு மாற்றவில்லை. அதற்குள் சம்பந்தி என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல்லில் செந்தாமரைக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி ஓடியது. அந்தக் குளிர்ச்சியோடேயே பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். டீ அவர் கொண்டுவந்த கப்பில்தான் கொடுக்கப்பட்டது, அவரே பிரித்து நீட்டிவிட்டதால். கூடவே வேனிலிருந்து தண்ணீர் பாட்டில்கள் இறங்கின. முறுக்குப் பாக்கெட்டுகள், சில்வர் தாள் ஒட்டிய தட்டுகள்.

பெண்ணைப் பார்த்தாகிவிட்டது, பேசியாகிவிட்டது. ரேணுகாதேவி ரம்யாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஒரு காற்று வந்து துண்டைத் தள்ளிக்கொண்டு போயிற்று.

ராஜவேலு பலகையை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"எங்களுக்குமா சம்பந்தி?"

எல்லாரும் சிரித்தார்கள். சந்திரன்தான் அதிகமாகச் சிரித்தார். "அய்யோ, உங்களுக்குப் போயிங்களா!" என்றாள் செந்தாமரை. அவளும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள்ளேயே நெஞ்சுக்குள் என்னவோ புரண்டு படுத்தது. ஏன் இவர்களுக்கு இல்லை? சொந்தம் என்றால் கப்பு மக்கிவிடுமா?

சாப்பாடு வாழையிலையில் முடிந்தது. புறக்கடையில் சின்னக்குழந்தை, பாட்டில்களையும் கப்புகளையும் தட்டுகளையும் எப்போதும்போலச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். பெயர்தான் சின்னக்குழந்தை; பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து வேலைக்கு வருகிறவள். செந்தாமரையைவிட நாலைந்து வயது இளையவள். அந்தச் சாக்குக்குப் பக்கத்திலேயே அதே மாதிரி வெள்ளைச் சாக்கு இன்னொன்று வாய் கட்டி நின்றது. சாமை அரிசி, புளி, இரண்டு பாட்டில் தேன். சம்பந்தி வீட்டுக்கு என்று சாப்பிடும்போதே சந்திரன் சொல்லிவைத்திருந்தார்.

கிளம்பும் நேரம். செந்தாமரை குங்குமச் சிமிழோடு வேன் பக்கத்தில் நின்றாள். சின்னக்குழந்தை சாக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள், வேனின் பின்கதவைத் தூக்கினாள், வைத்தாள், கதவை அடித்துச் சாத்தினாள். வேன் சாலையில் திரும்பி, மரங்களுக்குள் மறைந்தது.

சந்திரன் ஒரு பெருமூச்சு விட்டார். "அப்பாடா. வாய மூடிக்கினு இருந்தியே, அதுக்கே உனக்கு ஒரு பொடவ எடுக்கலாம்."

உள்ளேயிருந்து ரம்யா கத்தினாள். "அப்பா! சாமை மூட்ட இங்கயே கீதுப்பா!"

புறக்கடையில் ஒரே ஒரு சாக்குதான் நின்றது. சந்திரன் முடிச்சை அவிழ்த்தார். தேன் பாட்டிலின் கழுத்து தெரிந்தது.

"சின்னக்குழந்தே! எதடி ஏத்துன?"

"குப்பையத்தான்," என்றாள் சின்னக்குழந்தை, கை கழுவிக்கொண்டே. "அக்காதானே சொல்லிக்கினே இருக்கும், யாரா இருந்தாலும் மூட்டைய ஏத்திட்டுத்தான் டாட்டா காட்டணும்னு. இன்னைக்கி வேணாம்னு எனுக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. வாக்கு வாங்கியவள் ரம்யா, கொடுத்தவள் செந்தாமரை, பலகையை மூடியவர் சந்திரன். மூட்டையைத் தூக்குகிறவளிடம் ஒரு வார்த்தை சொல்ல மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

ரம்யா அப்படியே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். போன் போட்டார்கள். மலைச்சாலையில் இறங்குகிற வண்டிக்குச் சிக்னல் கிடையாது. 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று அந்தப் பெண் குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. சந்திரன் திரும்பத் திரும்பப் போட்டார்.

செந்தாமரை கொடிக்கயிற்றுக்கும் கிணற்றுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தாள். நடக்க நடக்க ஒன்று தெளிந்துகொண்டே வந்தது. அது தெளிய வேண்டாம் என்றும் இருந்தது. சின்னக்குழந்தை சாக்கைத் தூக்கி வந்தபோது அவள் பார்த்தாள். ஓரக்கண்ணால்தான். ஆனால் பார்த்தாள். சாமையும் புளியும் இருக்கிற சாக்கை ஒரு பெண் அப்படி இடுப்பில் வைத்துக்கொண்டு வீசி நடக்க முடியாது. சாக்குக்குள் பாட்டில்கள் நசுங்குகிற சத்தம்கூடக் கேட்டது. அந்தச் சத்தம் கேட்ட நேரத்தில்தான் அவள் ரேணுகாதேவியின் பக்கம் திரும்பி, நெற்றியில் குங்குமத்தை வைத்தாள். பிசிறில்லாமல், வட்டமாக.

தெரிந்தேதான் விட்டேனா? வாய் வாக்குக் கொடுத்தது, கண் கொடுக்கவில்லையா? பெண்ணின் வாழ்க்கையை ஒரு சாக்கில் கட்டி அனுப்புகிற தாயா நான்? கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஒன்றுக்கும் அவளால் 'இல்லை' என்று சொல்ல முடியவில்லை.

"ரிங் போவுது!" என்று சந்திரன் போனை அவள் கையில் திணித்தார். "தப்பு நடந்துடுச்சின்னு சொல்லு. வேலக்காரம்மா மாத்திட்டான்னு சொல்லு. வழியில எங்கியாவது வீசிட்டுப் போவச் சொல்லு. அவ்ளோதான், முடிஞ்சிது!"

மறுமுனையில் ராஜவேலு. இப்போது "சம்பந்தி" என்று கூப்பிடவில்லை.

"மூட்டைய அவுத்துட்டோம்," என்றார். "போளூர்ல, டீக்கட வாசல்ல. எங்க அக்கா தேன் பாக்கணும்னாங்க. நாலு பேரு பாக்க அவுத்தோம்."

"தப்பு நடந்துடுச்சிங்க. உங்க மூட்ட இங்கயே நிக்குது. எங்க வேலக்காரம்மா..." பக்கத்தில் சின்னக்குழந்தை ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். செந்தாமரை பேச்சைத் திருப்பினாள். "அவ மேல தப்பில்லீங்க. வழக்கமா ஏத்துறத ஏத்துனா."

"நீங்க பாக்கலியா?"

சந்திரன் கையை ஆட்டி ஆட்டி 'இல்லைன்னு சொல்லு' என்றார். ரம்யா எழுந்து நின்றுவிட்டாள்.

"பாத்தேங்க," என்றாள் செந்தாமரை.

சந்திரன் நெற்றியில் அடித்துக்கொண்டார். போனில் ஒரு பஸ் ஹாரன் நீளமாக அடித்து ஓய்ந்தது.

"சரி. இங்க டீக்கடப் பக்கத்துலயே பள்ளம் கீது. போட்டுட்டுப் போறோம்."

"போடாதீங்க. வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க."

"எடுத்துக்கினு போயி?" அவர் குரல் ஏறியது. "எடுத்துக்கினு போயி இன்னா பண்ண? எங்க ஊர்லயும் வண்டிக்காரன் வாரிக்கினு போய் ஏரிக்கரையிலதான் கொட்றான்! சொல்லுங்க, இன்னா பண்ண?"

இதை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கோபப்பட்டவர்கள்கூட மூட்டையை எடுத்துக்கொண்டு போனார்களே தவிர, அப்புறம் என்ன என்று கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. வேன் மரங்களுக்குள் மறைந்தால் அவள் வாசல் சுத்தம். அவ்வளவுதானா இத்தனை நாளும் செய்தது?

"தெரியலீங்க," என்றாள். "எனக்குத் தெரியலன்னுதான் எல்லார்கிட்டயும் குடுத்து அனுப்புறேன்."

அவர் கொஞ்சம் இறங்கிய குரலில், "கட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து வித்துக்கினே கீறேன். ஒரு கப்பு என் கைக்கித் திரும்பி வந்தது கெடையாது," என்றார். அது கோபமா, வேறெதுவுமா என்று பிடிபடவில்லை. உடனே குரல் மறுபடி நிமிர்ந்தது. "இந்தாங்க, ஒண்ணு சொல்லிட்றேன். கல்யாணம் எங்க ஊர்ல. எங்க பக்கமே ஆயிரம் பேரு. பந்திக்கி எங்க கட பிளேட்டு, எங்க கட கப்பு. அதுல நீங்க மூக்க நொழைக்கக் கூடாது. சரின்னா மேல பேசலாம்."

ரம்யா அம்மாவின் முழங்கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி சரி என்று சொல், சரி என்று சொல் என்றது. ஒரே ஒரு சொல்தான். அதைச் சொல்லிவிடத்தான் செந்தாமரை வாயைத் திறந்தாள்.

"பிளேட்டு உங்களுதுதாங்க. சாப்ட்டு முடிச்சப்பறம் அது யாருதுங்க?"

பிடி விட்டுப்போயிற்று.

போன் கை மாறுகிற சத்தம். ரேணுகாதேவி பேசினாள், வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல. "சம்பந்திம்மா, போன எங்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாருங்க."

"எங்கங்க?"

"மூட்டைய எடுத்துக்கினு பள்ளத்தாண்ட போனாரு. நின்னாரு. இப்ப திரும்பிக்கினு வர்றாரு. வண்டியிலதான் ஏத்துறாரு. கோவமாத்தான் ஏத்துறாரு, ஆனா ஏத்துறாரு." அவள் குரலில் சிரிப்பு ஒளிந்துகொண்டிருந்தது. "ஆறட்டும். அவரு இப்பிடித்தான். என் புள்ள காத்தாலேர்ந்து அந்தக் கப்பு பொட்டி வேணாம்பான்னு கெஞ்சிக்கினு வந்தான், கேட்டாரா? தேதி பாத்துட்டுக் கூப்புடுறேன். அந்த சாமை மூட்டைய மட்டும் பஸ்ஸுல போட்டு வுடுங்க, இவங்க அக்கா தேனு தேனுன்னு உயிர எடுக்குறாங்க."

ரேணுகாதேவி வைத்த பிறகும் செந்தாமரை போனைக் காதிலேயே வைத்திருந்தாள். சந்திரன் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து, "பொழச்சிது," என்றார், யாரிடம் என்றில்லாமல். ரம்யா அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. மை கன்னமெல்லாம் இழுபட்டிருந்தது.

"இப்ப திருப்தியாம்மா உனக்கு?"

திருப்தி என்றால் இப்படி இருக்காது. செந்தாமரை மகளின் முகத்தைப் புடவையால் துடைத்துவிட்டாள். துடைக்கும்போதே ஆயிரம் பேர் கண்ணுக்குள் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பிளேட் வேண்டாமென்றால் இலை. ஆயிரம் இலை. பந்தி பந்தியாக எடுத்து, எங்கே போடுவது? அதைக் கேட்டவளே சொல்ல வேண்டாமா?

"சின்னக்குழந்தே," என்றாள், "ஆயிரம் எச்சி எலைய மாடு திங்குமா?"

"எத்தினி மாடுன்னு சொல்லுக்கா மொதல்ல," என்றாள் சின்னக்குழந்தை.

செந்தாமரை மாட்டுக் கணக்குக் கேட்கக் கோபால்சாமியின் கொல்லைப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். செருப்புப் போட்டுக்கொள்ளவில்லை என்பது வேலி தாண்டிய பிறகுதான் தெரிந்தது.