கடைசியாகப் பாலம் கடந்தவர்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. திடீரென்று பொறி தட்டியது, கனவில் ஒருவர் வந்து சொன்னார் என்றெல்லாம் அளக்க எனக்கு இப்போது தெம்பில்லை. வரைபட அலுவலகத்தில் எங்கள் பிரிவுக்கு ஒரு சுற்றறிக்கையும், ஆளுக்கொரு படிவமும் வந்தன. படிவத்தில் ஒரே கேள்வி. 'வரலாற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்த படைத்தளபதி யார்? ஐம்பது சொற்களுக்கு மிகாமல் எழுதுக.' அதற்குக் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

எதற்காகக் கேட்கிறார்கள் என்று எங்குமே போடவில்லை. கேள்வியைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

இன்று ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. நாளை காலை பத்து மணிக்கு எங்கள் பிரிவில் ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். அதற்குள் இந்தக் கதைக்கு ஒரு முடிவு கிடைக்குமா என்று பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'போர்க்களத்தில் புழுதி அடங்கியது. தளபதி தன் குதிரையின் மேல்—'

வேண்டாம். குதிரையைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

இரண்டாம் தொடக்கம்: 'அச்சம் என்பது மனிதனின் ஆதி உணர்வுகளில்—'

இதை எழுதியவனை எனக்கே பிடிக்கவில்லை. பயந்தவன் இப்படிப் பேச மாட்டான்.

மூன்றாம் தொடக்கம்: 'நூலகப் பிரிவில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன.'

இதுவே இருக்கட்டும், ஏனென்றால் இது நடந்தது. கீழ்த்தளத்தில் இருக்கும் நூலகப் பிரிவுக்கு எங்களுக்கு ஒரு வாரம் முன்பே படிவம் போய்விட்டது. அங்கே இரண்டு பேருக்கு மாற்றல் வந்தது. எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் வீட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஒருவர் எழுதியது எல்லாப் போரிலும் வென்ற தளபதியை. இன்னொருவர் எழுதியது எல்லாவற்றையும் தோற்றுவிட்டு மானத்தோடு செத்தவரை.

"ஜெயிச்சவரை எழுதினாலும் தப்பு, தோத்தவரை எழுதினாலும் தப்புன்னா, நாம யாரைத்தாம்ப்பா எழுதறது?" என்று எங்கள் பிரிவுத் தலைவர் கேட்டார். ஜன்னலைத் திறப்பதற்கும் மேலிடத்தில் அனுமதி கேட்கிறவர் அவர்.

3

இங்கே எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். (சலிப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதில்தான் மாட்டிக்கொள்வேன்.)

வரைபடம் வரைகிறவர்கள் தாளில் பெயர் போடுவதில்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் தான் வரையும் படத்தில் ஒரு மூலையில் இல்லாத ஊர் ஒன்றை வைத்துவிடுவோம். அதை நாங்கள் பொய்யூர் என்போம். வெளியார் யாராவது எங்கள் படத்தைத் திருடி அச்சடித்தால் அந்தப் பொய்யூரும் சேர்ந்தே போகும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். யார் பொய்யூர் எது என்று பிரிவில் இருக்கும் பதினான்கு பேருக்கும் தெரியும். வெளியே ஒருவருக்கும் தெரியாது.

நிஜத் தளபதி யாரை எழுதினாலும் ஆபத்து என்றால், இல்லாத ஒருவரை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். இப்படி எழுதினேன்:

'தளபதி ______. பிறந்தது ______ என்னும் சிற்றூர். ஏழு போர்களில் இறங்கி ஏழிலும் பின்வாங்கியவர். ஒரு வீரனையும் பறிகொடுக்கவில்லை. படை முழுவதும் பாலத்தைக் கடந்த பிறகே, தலைகளை எண்ணிச் சரிபார்த்துவிட்டு, கடைசி ஆளாக அவர் கடப்பார். அதனால் பிடிக்கும்.'

(பெயரை ஏன் மறைக்கிறாய் என்று கேட்பீர்கள். எழுதினால் நீங்களும் அதைப் பார்த்து எழுதிவிடுவீர்கள். பட்டது போதும்.)

செய்த தப்பு இரண்டாவது கோடிட்ட இடத்தில் இருக்கிறது. பிறந்த ஊர் என்று எழுதியதும், இருபது வருடப் பழக்கத்தில் கை தானாக என்னுடைய பொய்யூரை எழுதிவிட்டது. திரும்பப் படித்தபோதும் என் கண்ணில் படவில்லை. எனக்கு அது நிஜ ஊர்போலவே ஆகிவிட்டிருந்தது.

4

தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது என் படிவம் ஒளிமேசையின் கண்ணாடி மேல் கிடந்தது. கீழே விளக்கெரியும் அந்த மேசையில் வைத்துத்தான் நாங்கள் பழைய படங்களை நகலெடுப்போம். சுற்றி நின்ற பிரிவு மொத்தமும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. பார்த்துப் பார்த்து வரையப் பழகிய கைகள், வேறென்ன செய்யும்? அந்த ஊர்ப் பெயர் அவர்கள் கண்ணிலும் படவில்லை.

நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. [அடித்து நீக்கியது: அவர்கள் மேல் இரக்கப்பட்டேன்.] கும்பலோடு நின்றால் என் பயம் குறையும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் குறையவும் செய்தது.

பதினான்கு படிவங்களில் பதின்மூன்று ஒரே தளபதியோடு மேலே போயின. புள்ளி அக்கா மட்டும் பார்த்து எழுதவில்லை. ஊர்களுக்குப் புள்ளி வைப்பது அவர் வேலை, முப்பது வருடமாக ஒரு புள்ளி தள்ளி விழுந்ததில்லை. தன் படிவத்தில் அவர் எழுதியது ஒரே சொல்: 'யாருமில்லை.'

5

மேலிடத்து ஆள் வெள்ளிக்கிழமை வந்தார். இந்தப் பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. முதல் வரைவில் அவருக்கு முரட்டு மீசை வைத்தேன். நிஜத்தில் மீசையே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்போல இருந்தார். சொந்தத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்திருந்தார். நாற்காலி கொடுத்தவருக்கு நன்றி சொன்னார். இப்படி ஒருவரைக் கண்டு பதினான்கு பேரும் வெலவெலத்தோம் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்களா?

"இந்தத் தளபதியை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றார். "பதிமூணு பேருக்குப் பிடிச்சவர், எனக்குத் தெரியாமப் போச்சேன்னு வருத்தம். அதனால அவர் பிறந்த ஊருக்கு ஆள் அனுப்பினேன். அங்க வெறும் பாறைதான் இருக்கு."

பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"ஆனா உங்க வரைபடத்துல ஊர் இருக்கு. நல்லா அழகாவே இருக்கு." சிரித்தார். "பின்வாங்கச் சொல்லிக்கொடுக்கற ஒருத்தரை இங்க யாரோ உருவாக்கியிருக்காங்க. மத்தவங்க பாவம், பார்த்து எழுதினவங்க. எனக்கு அந்த ஒருத்தர் போதும். திங்கக்கிழமை பத்து மணிக்கு வரேன். அவரே எழுந்து நின்னா எல்லாருக்கும் நல்லது."

பதின்மூன்று பேருக்கும் அது யாருடைய பொய்யூர் என்று தெரியும். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

6

மாலை, கை கழுவும் இடத்தில் புள்ளி அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"திங்கக்கிழமை நான் எழுந்துக்கறேன்," என்றார்.

"என்னக்கா சொல்றீங்க?"

"மெதுவா பேசு. யாருமில்லைன்னு எழுதினேன்ல, எப்படியும் என்னைக் கூப்பிடத்தான் போறாங்க. ஏற்கெனவே என் பேர்ல ஒரு தப்பு இருக்கு, இன்னொண்ணையும் அதுலயே போட்டுக்கட்டும். அந்தத் தளபதி எனக்குத் தோணின ஆளு, நானே எழுதினா மாட்டிக்குவேன்னு பசங்ககிட்ட கொடுத்தேன்னு சொல்லிக்கறேன். உன் பொண்ணுக்கு என்ன வயசு?"

"நாலு."

"அப்புறம் என்ன?" குழாயை இறுக்கி மூடினார். சொட்டு விழுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

'வேண்டாம்' என்ற ஒரு சொல் எனக்கு வாயில் வரவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

7

முடிவு ஒன்று: நான் எழுந்து நிற்கிறேன். மேலிடத்து ஆள் என் நேர்மையை மெச்சிக் கைகுலுக்கி அனுப்பிவிடுகிறார். (நூலகப் பிரிவின் நாற்காலிகளை நினைத்துப் பார்த்தேன். மேற்கொண்டு எழுத முடியவில்லை.)

முடிவு இரண்டு: அக்கா எழுந்து நிற்கிறார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாயந்திரம் வீட்டுக்கு வருகிறேன், மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறாள். (மூன்று முடிவுகளில் இதற்குத்தான் பேனா தங்குதடையில்லாமல் ஓடியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.)

முடிவு மூன்று: பதினான்கு பேரும் ஒன்றாக எழுந்து நிற்கிறோம். (கதை என்றால் இப்படி முடிக்கலாம். ஆனால் எனக்கு இவர்களைத் தெரியும். எல்லாரும் என்னைப்போலத்தான்.)

8

என் மனைவி துணி மடித்துக்கொண்டே இதுவரை எழுதியதைப் படித்தாள். நாளைக்குப் போட வேண்டிய சட்டையை மட்டும் மடிக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

"அந்தக்கா நிஜமாவே எழுந்துடுவாங்களா?"

"எழுந்துடுவாங்க."

அடுத்த கேள்வியை அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். மடியிலிருந்த சட்டையை நீவிவிட்டுக்கொண்டே, "அந்தப் பாலத்தை எதுக்குங்க எழுதினீங்க? பின்வாங்கினாருன்னு எழுதிட்டு விட்டிருக்கலாமே," என்றாள்.

"படிவத்துல இடம் மிச்சமிருந்தது. அதான்."

அது பொய். படிவம் வந்த நாளிலிருந்து எனக்குப் பயம் விட்டிருந்தது அந்த ஒரு வரியை எழுதிய நேரத்தில் மட்டும்தான். அவளிடம் அதைச் சொன்னால் நாளைக்கு என்ன செய்வேன் என்று சொன்னதுபோல ஆகிவிடும்.

இப்போது அந்த வரியை அழிக்க முடியாது. பதின்மூன்று பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். தளபதி தலைகளை எண்ணுகிறார். பன்னிரண்டு பேர் அக்கரையில். பாலத்தின் இந்தப் பக்கம் நானும் அக்காவும் நிற்கிறோம். அக்கா என்னைப் பார்த்து 'நீ முதலில் போ' என்கிறார்.

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. கீழே, அந்தப் படிவத்தில் இருந்ததுபோலவே, ஒரு கோடு போட்டு வைக்கிறேன். நாளை பத்து மணிக்கு எழுந்து நின்றவர் யார் என்று நீங்கள் எழுதுங்கள். யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாக, உங்களுக்கும் நாலு வயதில் ஒரு பெண் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

______________________

என்னைப் பார்த்து எழுதாதீர்கள்.